அலுவலக மின்னஞ்சல் ஏன் அப்பா பெயருக்கு வருகிறது?

"டியர் முருகேசன்" என்று தொடங்குகிறது மின்னஞ்சல். அதைத் திறந்து படிப்பவர் கவிதா. முருகேசன் அவருடைய அப்பா. அந்த அலுவலகத்தில் அவர் ஒருநாள்கூட வேலை செய்ததில்லை!

கவிதாவும் முருகேசனும் கற்பனைப் பெயர்கள்தான். ஆனால் சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் தமிழர்களுக்கு இந்தக் கதை புதுசு இல்லை. பெரும்பாலும் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். பெயர் மாறி வந்தால் சிரிக்கலாம். மின்னஞ்சலே ஆள் மாறிப் போனால்? சம்பளச் சீட்டு, மருத்துவ விடுப்புச் சான்றிதழ், வாடிக்கையாளர் விவரம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இந்த வழியில்தானே போய்வருகின்றன.

மெயில் போய்ச் சேரவில்லை, தேடினால் பெயர் கிடைக்கவில்லை, தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது... இவற்றில் பலவற்றுக்குக் கணினி பொறுப்பில்லை. தொடர்புப் பட்டியலில் எங்கோ ஒரு கட்டம் தவறாக நிரம்பியிருக்கும். எந்தக் கட்டம் என்று தெரிந்தால், ஐடி பிரிவைக் கூப்பிடாமலேயே பாதி வேலையை முடித்துவிடலாம்.

முதல் பெயர், கடைசிப் பெயர்: யாருக்கான கட்டங்கள்?

அவுட்லுக், ஜிமெயில், கைத்தொலைபேசி எல்லாவற்றிலும் பெயருக்கு இரண்டு கட்டங்கள்: "ஃபர்ஸ்ட் நேம்", "லாஸ்ட் நேம்". குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் சமூகங்களை மனத்தில் வைத்து உருவான அமைப்பு இது. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் பெயர், அப்பா பெயர், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அப்பா பெயர் இனிஷியலாகி முன்னால் நிற்கும். சிங்கப்பூரில் "எஸ்/ஓ", "டி/ஓ" சேர்ந்து பின்னால் வரும். மலேசியாவிலிருந்து வந்த சக ஊழியர் என்றால் "ஏ/எல்", "ஏ/பி".

மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. கடைசியில் இருப்பது கடைசிப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் அலுவலக முகவரிப் புத்தகத்தில் கவிதா, "மு" வரிசையில் உட்கார்ந்திருப்பார். "திரு, திருமதி" போட்டுக் கடைசிப் பெயரைச் சேர்த்து எழுதும் வெளிநாட்டுக் கிளைக்காரர்களுக்கு அவர் "மிஸ் முருகேசன்" ஆகிவிடுவார். "பின்", "பிந்தி" சேர்த்து எழுதும் மலாய்க்காரர்களுக்கும் இதே தொல்லைதான். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வருவதால் வேறு மாதிரித் தொல்லை. ஒரே அலுவலகத்தில் மூன்று வகைப் பெயர் வரிசை, இரண்டே கட்டங்கள்!

சாய்கோடு இன்னொரு தலைவலி. விண்டோஸில் கோப்புப் பெயரில் அனுமதிக்கப்படாத 9 குறிகளில் அதுவும் ஒன்று. ஊழியர் பெயரையே கோப்புப் பெயராக வைத்துச் சம்பளச் சீட்டைத் தயாரிக்கும் முறை இருந்தால், "எஸ்/ஓ" வரும் இடத்தில் மென்பொருள் சிக்கிக்கொள்ளும், அல்லது சாய்கோட்டைத் தூக்கிவிட்டு இரண்டு எழுத்தையும் ஒட்டிவிடும். இணையப் படிவங்கள் சில, சாய்கோட்டைக் கண்டதும் "செல்லாத பெயர்" என்று சொல்லிவிடும். அடையாள அட்டையில் இருப்பதே உங்கள் பெயர்; அது எப்படிச் செல்லாமல் போகும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் படிவத்தோடு வாதாட முடியாது.

என்ன செய்யலாம்? மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்தும் அலுவலகங்களில் "டிஸ்ப்ளே நேம்" தனிக் கட்டம். முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் தொடாமல் அதை மட்டும் மாற்ற முடியும். ஊழியர்கள் தாங்களே மாற்ற முடியாதபடி பொதுவாகப் பூட்டியிருக்கும். மனிதவளப் பிரிவிடமோ ஐடி பிரிவிடமோ கேட்கவேண்டும். சட்டப்படியான பெயர் சம்பளப் பதிவில் அப்படியே இருக்கும், திரையில் தெரியும் பெயர் மட்டும் மாறும் என்று சொல்லிக் கேளுங்கள். தயங்கவேண்டிய விஷயமே இல்லை. உங்கள் சொந்தத் தொடர்புப் பட்டியலில் மற்றவர்கள் பெயரைச் சரிசெய்ய "ஃபைல் ஆஸ்" என்ற கட்டம் இருக்கிறது. அவுட்லுக்கிலும் கூகல் கான்டாக்ட்ஸிலும் அதில் எப்படி எழுதுகிறீர்களோ அப்படியே வரிசைப்படும்.

தேடினால் கிடைக்காத பெயர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சுப்ரமணியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்து "எம்" ஆ, "என்" ஆ? லட்சுமியைச் சிலர் "கே", "எஸ்" போட்டு எழுதுவார்கள். இங்கும் மலேசியாவிலும் "டி", "சி", "எச்" போட்டு லெட்சுமி என எழுதுபவர்கள் ஏராளம். ஒரே ஓர் எழுத்து மாறினாலும் தேடல் கைவிரித்துவிடும். "ஆள் இல்லையே" என்று நினைத்துப் புதிதாக ஒரு பதிவு போடுவோம். அங்கே ஆரம்பிக்கும் குழப்பம்: ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு, ஒன்றில் பழைய முகவரி. பெயரின் முதல் மூன்று எழுத்தை மட்டும் தட்டித் தேடிப் பாருங்கள். அல்லது நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

"மெயில் அனுப்பினேன், திரும்பி வந்துடுச்சு!"

முகவரிக் கட்டத்தில் இரண்டு எழுத்து தட்டியதும் அவுட்லுக் பெயரை நீட்டுமே, அந்தப் பட்டியல் அலுவலக முகவரிப் புத்தகத்திலிருந்து மட்டும் வருவதில்லை. நீங்கள் இதற்கு முன் யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அதன் நினைவு அது. கிளாசிக் அவுட்லுக் 1,000 பதிவுகள்வரை இப்படி வைத்துக்கொள்ளும். வேலையை விட்டுப் போனவர், பழைய முகவரி, ஒருமுறை தவறாகத் தட்டிய முகவரி எல்லாம் அதில் இருக்கும்.

ஒருவர் வேலையை விட்டுப் போய், ஓராண்டு கழித்து அதே நிறுவனத்துக்குத் திரும்புகிறார். அவருக்குப் புதிய அஞ்சல் பெட்டி, ஆனால் பழைய முகவரியே. வெளியிலிருந்து அனுப்பினால் போகிறது. பக்கத்து மேசையிலிருந்து அனுப்பினால் திரும்பி வருகிறது! நிறுவனத்துக்குள் எக்ஸ்சேஞ்ச் சர்வர், நாம் பார்க்கும் முகவரியைப் பயன்படுத்துவதில்லை. உள்ளே வேறொரு நீளமான அடையாளம் வைத்திருக்கிறது. உங்கள் அவுட்லுக் நினைவில் இருப்பது பழைய பெட்டியின் அடையாளம். பெயரைத் தட்டும்போது வரும் பரிந்துரையின் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி நீக்குங்கள். பிறகு முகவரிப் புத்தகத்திலிருந்து அவரைப் புதிதாகத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்ந்தவர் பெயரே பட்டியலில் இல்லையா? ஒருநாள் பொறுங்கள். கிளாசிக் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தின் பிரதி ஒன்றை உங்கள் கணினியில் வைத்துக்கொண்டு, பொதுவாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறது. அவசரம் என்றால் உலாவியில் திறக்கும் அவுட்லுக்கில் தேடுங்கள். அது நேராகச் சர்வரிடம் கேட்கும்.

திரும்பி வரும் மின்னஞ்சலில் நீளமாக ஆங்கிலம் இருக்கும், யாரும் படிப்பதில்லை. அதில் ஓர் எண்ணை மட்டும் பாருங்கள். 4 என்று தொடங்கினால் தற்காலிகத் தடை. சர்வர் தானாகவே மறுபடி முயலும். 5 என்றால் இனி முயலாது. 5.1.1 அல்லது 5.1.10 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 5.2.2 என்றால் எதிர்த்தரப்பின் பெட்டி நிரம்பிவிட்டது, அவருக்கு ஃபோன் போடுங்கள். 5.7 என்று தொடங்கினால் பாதுகாப்பு விதியோ அனுமதியோ தடுத்திருக்கிறது. அது ஐடி பிரிவின் வேலை.

இணைப்பின் அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜிமெயிலில் உச்சவரம்பு 25 மெகாபைட். ஆனால் 20 மெகாபைட் கோப்பே தடுமாறலாம். மின்னஞ்சலில் போகும் கோப்பு எழுத்துகளாக மாற்றப்படும்போது சுமார் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும்.

தமிழ் எழுத்து உடைந்தால் என்ன அர்த்தம்?

தமிழில் எழுதிய வாழ்த்து, தமிழ்ப் பெயர்கள் உள்ள வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவை மூன்று விதமாக உடையும். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு.

வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் பயப்படவேண்டாம். எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவே.

தலைக்கு மேல் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில "ஏ", பக்கத்தில் வட்டத்துக்குள் "ஆர்" என இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால், அது தமிழ்தான்! யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. அதை மென்பொருள் மேற்கத்திய எழுத்துமுறை என்று நினைத்து ஒவ்வொரு பைட்டாகப் படித்தால் இந்த ஜோடி கிடைக்கும். இதுவும் மீட்கக்கூடியது. பெரும்பாலும் இது நடப்பது தொடர்புப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, அதை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது. அப்படித் திறக்காமல், எக்செலின் "டேட்டா" பகுதிக்குப் போய் "ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி" வழியாகக் கோப்பைக் கொண்டுவாருங்கள். "ஃபைல் ஒரிஜின்" என்ற இடத்தில் 65001 என்ற எண்ணுள்ள யுடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுங்கள்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால்தான் கவலை. தமிழ் தெரியாத ஒரு வடிவத்தில் யாரோ சேமித்துவிட்டார்கள் என்று பொருள். அந்தக் கோப்பிலிருந்து எழுத்து திரும்பாது. மூலக் கோப்பைத் தேடவேண்டியதுதான்.

இந்த எழுத்துச் சிக்கலில் சிங்கப்பூருக்குத் தனி வரலாறு உண்டு. தமிழை இணையத்துக்குக் கொண்டுவந்த ஆரம்பகால முயற்சிகளில் முக்கியமானவை இங்கே நடந்தன. 1995இல் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, பேராசிரியர் டான் டின் வீ போன்றோர் தமிழ்ப் பக்கங்களை இணையத்தில் ஏற்றினர். அந்தக் காலத்தில் அனுப்புபவரிடம் உள்ள எழுத்துரு பெறுபவரிடமும் இருந்தால்தான் தமிழ் மெயிலைப் படிக்க முடியும். ஆளுக்கொரு குறியீட்டு முறை. அதைப் பற்றிப் பேசத்தான் 1997 மே மாதம் தமிழ்நெட்'97 மாநாடு சிங்கப்பூரில் கூடியது. 2000இல் நடந்த தமிழ் இணைய மாநாடும் சிங்கப்பூரில்தான். உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அதையொட்டி உருவானது. உங்கள் அலுவலகத்தில், சங்கத்தில் அந்தக் காலத்துக் கோப்புகள் இருந்தால், அவை டிஸ்கி போன்ற பழைய குறியீட்டில் இருக்கலாம். யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டால் படிக்க முடியும்.

முகவரியே தமிழில் வைத்துக்கொள்ளலாமா? தொழில்நுட்பப்படி முடியும். ".சிங்கப்பூர்" என்ற தமிழ் இணைய முகவரி 2011இலிருந்து இருக்கிறது. தமிழ் முகவரிகளோடு மின்னஞ்சல் பரிமாறும் வசதியை ஜிமெயில் 2014இல் கொண்டுவந்தது. ஆனால் பல இணையப் படிவங்கள் அதை முகவரியாகவே ஏற்பதில்லை. வேலைக்கு விண்ணப்பம் போட இப்போதைக்கு வேண்டாம்.

தேக்கா கடையின் தொடர்புப் பட்டியல் யார் கையில்?

பெரிய அலுவலகத்தில் ஐடி பிரிவு இருக்கும். சிராங்கூன் ரோட்டில், கேம்பல் லேனில், பஃப்ளோ ரோட்டில் உள்ள சின்னக் கடைகளில்? பொதுவாக ஒரே ஜிமெயில் கணக்கு. கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும். சென்னை மொத்த வியாபாரி, பூ கொண்டுவருபவர், தீபாவளிக்குச் செய்தி அனுப்பும் வாடிக்கையாளர்கள் எல்லோருடைய எண்களும் ஒருவர் ஃபோனில். அவர் வேலையை விட்டுப் போகும் நாளில்தான் தெரியவரும், கணக்கை மீட்கும் குறியீடு அவருடைய எண்ணுக்குத்தான் போகும் என்பது.

இதை முன்கூட்டியே பார்க்கலாம். கூகல் கணக்கின் அமைப்புகளில் மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் யாருடையவை என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். உரிமையாளரின் எண் இருக்கட்டும். தொடர்புகள் ஃபோனின் நினைவகத்தில் சேமிக்கப்படுகின்றனவா, கடையின் கணக்கிலா என்பதையும் பாருங்கள். புதிய எண்ணைச் சேர்க்கும்போது எங்கே சேமிக்க என்று ஆண்ட்ராய்டு ஃபோன் காட்டும்; பலர் அதைக் கவனிப்பதே இல்லை. யாராவது பட்டியலைத் தெரியாமல் அழித்துவிட்டால், கூகல் கான்டாக்ட்ஸில் 30 நாள்வரை பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இந்தியாவோடு வியாபாரம் செய்பவர்களுக்கு எக்செல் வைக்கும் பொறி ஒன்று உண்டு. 91 சேர்த்த இந்தியக் கைத்தொலைபேசி எண்ணுக்கு 12 இலக்கம். எக்செல் அதைப் பெரிய எண் என்று நினைத்து 9.19 என்று சுருக்கிப் பக்கத்தில் "ஈ+11" போட்டுவிடும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். சிங்கப்பூர் எண்கள் 65 சேர்த்தாலும் 10 இலக்கம்தான் என்பதால் தப்பித்துவிடும். ஆகவே கோளாறு உடனே கண்ணில் படாது. எண்கள் உள்ள பத்தியை முதலிலேயே "டெக்ஸ்ட்" வகைக்கு மாற்றிவிடுங்கள். பழைய விசிட்டிங் கார்டிலிருந்து 7 இலக்க எண்ணைப் பதிந்து வைத்திருந்தால், 2002 மார்ச் மாதம் முதல் நிலவழித் தொலைபேசி எண்களுக்கு முன்னால் 6 சேர்ந்துவிட்டது.

ஆள் மாறிப் போய்விட்டால்?

ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 30 விநாடி. ஆனால் நீங்களாக மாற்றாதவரை 5 விநாடிதான். அமைப்புகளில் 30 ஆக்கிவிடுங்கள். அவுட்லுக்கின் "ரீகால்" ஒரே நிறுவனத்துக்குள்தான் வேலை செய்யும். வெளியே போனது போனதுதான்.

அதில் மற்றவர்களின் தனிப்பட்ட விவரங்கள் இருந்தால் விஷயம் சட்டத்துக்குள் வருகிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, 500 பேர் அல்லது அதற்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டாலோ, பாதிக்கப்பட்டவருக்குக் கடும் தீங்கு நேரக்கூடும் என்றாலோ நிறுவனம் ஆணையத்திடம் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்கவேண்டிய சம்பவம்தான் என்று முடிவான பிறகு இருப்பது 3 நாள். அந்த விதி 2021 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ளது. சட்டத்தை மீறிய நிறுவனத்துக்கு 1 மில்லியன் வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். ஆண்டு விற்றுமுதல் 10 மில்லியன் வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு அதில் 10 விழுக்காடுவரை.

எனவே தவறு நடந்தால் மறைக்காதீர்கள். பெற்றவரை அழிக்கச் சொல்லி எழுதுங்கள். உடனே மேலாளரிடமும், நிறுவனத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரியிடமும் சொல்லுங்கள். எது தெரிவிக்கவேண்டியது என்று முடிவெடுப்பது உங்கள் வேலை இல்லை. பலருக்கு ஒரே மெயில் அனுப்பும்போது முகவரிகளை "பிசிசி" கட்டத்தில் போடுவது சின்னப் பழக்கம். அது இல்லாததால் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரிந்துவிடும்.

ஓர் எழுத்து, 42.3 மில்லியன்

2024 ஜூலை 15ஆம் தேதி சிங்கப்பூரில் உள்ள ஒரு வர்த்தக நிறுவனத்துக்குப் பொருள் விநியோகிப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தரவேண்டிய பணத்தை திமோர் லெஸ்தேயில் உள்ள புதிய வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னது அது. முகவரி, வழக்கமான முகவரிபோலவே இருந்தது. எழுத்தில் மட்டும் சின்ன வேறுபாடு. 19ஆம் தேதி 42.3 மில்லியன் அமெரிக்க டாலர் போனது. உண்மையான விநியோகிப்பாளர் "பணம் வரவில்லையே" என்று கேட்ட பிறகு, 23ஆம் தேதிதான் விஷயம் தெரிந்தது.

சிங்கப்பூர்க் காவல்துறை இன்டர்போல் வழியாக உடனே செயல்பட்டது. 39 மில்லியன் டாலர் அந்தக் கணக்கிலேயே முடக்கப்பட்டது. 7 பேர் கைதாகினர். மேலும் 2 மில்லியன் டாலருக்கும் அதிகமான தொகை மீட்கப்பட்டது. எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை.

அனுப்புநரின் பெயரை மட்டும் பெரிதாகக் காட்டி, முகவரியை மறைப்பதுதான் மின்னஞ்சல் செயலிகளின் வழக்கம். கைத்தொலைபேசியில் இன்னும் மோசம். ஆங்கிலத்தில் "ஆர்", "என்" இரண்டையும் சின்ன எழுத்தில் ஒட்டி எழுதினால் "எம்" போலவே தெரியும். பணம், கணக்கு எண் என்று வரும் மெயிலில் பெயரைத் தட்டி முழு முகவரியையும் பாருங்கள். பதில் எழுதாமல், ஃபோன் போட்டுக் கேளுங்கள். அதுவும் அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல. உங்கள் தொடர்புப் பட்டியலில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு. அந்த எண் சரியாக இருந்தால்தான் இந்தச் சோதனையே பலிக்கும்.

பணம் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள், பிறகு காவல்துறையிடம் புகார் கொடுங்கள். மோசடியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799, 24 மணி நேரமும் இருக்கிறது.